மூன்றாம் நான்காம் எலும்புகளுக்கு நடுவே

ஒரு மனிதனின் கால்வலியைப் பொய் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, அவனுடைய வேலையைப் பறித்தவன் நான். அந்த வலி உண்மையா பொய்யா என்று எனக்கு அப்போது தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதினேன். அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வலி பொய்யாக இருந்தால் எனக்கு நல்லது என்று நினைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், குரோம்பேட்டைக்குப் பக்கத்தில் தகடு அழுத்தும் தொழிற்சாலை ஒன்றில் பணியாளர் நல அதிகாரியாக இருந்தேன். சமூகப் பணியில் முதுகலை படித்தவன். ஒரு தொழிலாளியின் கால்விரல் தகட்டில் நசுங்கிய பிறகு எல்லோருக்கும் சேஃப்டி ஷூ கட்டாயம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. நான்கு மாதிரிகள் வந்தன. தேர்ந்தெடுத்தவன் நான். முன்பக்கம் விரல்களுக்கு மேல் இரும்புக் கவசம் வைத்த ஷூ. ஆறிலிருந்து ஒன்பது வரை அளவுகள் இருந்தன. வேறுபாடு நீளத்தில்தான், அகலம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த நம் ஆட்களின் பாதம் முன்பக்கம் விரிந்தது என்பதைக் கொஞ்சம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை.

பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்த அப்துல் காதருக்கு அப்போது முப்பது வயது. மூன்று முறை என் அறைக்கு வந்தார்.

"ரெண்டு எலும்புக்கு நடுவுல கூழாங்கல்லு மாட்டிக்கினா மாதிரி கீது சார். ஷூவக் கழட்டுனா போயிடுது. போட்டா வந்துடுது."

புது ஷூ அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்று முதல்முறை சொன்னேன். இரண்டாம் முறை சாக்ஸ் மாற்றச் சொன்னேன். மூன்றாம் முறை கம்பெனி டாக்டரிடம் அனுப்பினேன். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் குறை எதுவும் இல்லை என்று எழுதி அனுப்பினார்.

நான்காம் முறை காதர் வரவில்லை. வலது ஷூவின் வெளிப்பக்கத்தைப் பிளேடால் ஒரு விரல் நீளத்துக்குக் கீறி, அந்தப் பிளவில் பழைய கைலித் துணியை மடித்து வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். ஃபோர்மேன் பிடித்துக்கொண்டு வந்து ஷூவை என் மேசையில் வைத்தார். தையல் அவ்வளவு சீராக இருந்தது. கம்பெனிச் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைவித்ததாக சார்ஜ் ஷீட் கொடுத்தேன்.

விசாரணை அதிகாரியும் நானே. நியாயப்படி நான் எதிர்ப்பக்கம் நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய வலி உண்மை என்றால் ஷூ தவறு, ஷூ தவறென்றால் அதை வாங்கச் சொன்னவன் தவறு. அறிக்கையில் இப்படி எழுதினேன்: 'எக்ஸ்ரேயில் எந்தக் கோளாறும் இல்லை. தொழிலாளி வலி இருப்பதாக நடிக்கிறார்.' வேலைநீக்க உத்தரவு அந்த வாக்கியத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம் இருந்தது. மற்றவர்கள் ஷூவைக் கீறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. யாரும் கீறவில்லை.

இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. நான் ஓய்வு பெற்று சிட்லபாக்கத்தில் மாடி வீடு கட்டிக்கொண்டு வந்தேன். காதரை நான் நினைத்துக்கொண்டே இருந்தேன் என்று சொன்னால் அது பொய். மறந்துவிட்டேன்.

என் அறுபத்தெட்டாம் வயதில் வலி தொடங்கியது. மகள் பூனாவிலிருந்து நல்ல விலையில் ஒரு நடைப்பயிற்சி ஷூ அனுப்பியிருந்தாள். முன்பக்கம் கூராக, பார்க்க அழகாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு தினமும் ஏரிக்கரையில் நடந்தேன். ஒரு நாள் இரண்டாவது சுற்றில் வலது பாதத்தின் அடியில், விரல்கள் தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், எதையோ மிதித்ததுபோல இருந்தது. நின்று ஷூவைக் கழற்றி உதறினேன். ஒன்றும் விழவில்லை. சாக்ஸையும் கழற்றித் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, வலியும் போய்விட்டிருந்தது. போட்டேன், இருபது அடி நடந்தேன், வந்துவிட்டது. அதோடு ஒரு மின்சாரச் சுரீர் மூன்றாம் விரலிலும் நான்காம் விரலிலும் ஓடியது.

காதர் சொன்ன வார்த்தை அந்த இடத்தில் நினைவுக்கு வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. வருவதற்கு இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

மகளின் பிரசவத்துக்காக என் மனைவி சரோஜா பூனா போயிருந்தாள். ஆறு மாதம் அங்கேதான். போனில் சொன்னேன்.

"எங்க வலிக்குது, சரியாச் சொல்லுங்க."

"விரலுக்குக் கீழ. நடுவுல."

"நடுவுலன்னா எந்த எலும்பு?"

"எலும்பு இல்ல சரோ."

"எலும்பே இல்லாத இடத்துல என்ன வலி? உப்புப் போட்டு வெந்நீர்ல காலை வைங்க. குழந்தை அழுவுது, அப்புறம் பேசறேன்."

வெந்நீரில் வைத்தேன். பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனேன். சர்க்கரை பார்த்தார், யூரிக் அமிலம் பார்த்தார். இரண்டும் சரியாக இருந்தன. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பாராட்டினார்.

"பிரமாதம் சார். இந்த வயசுல இப்படி ஒரு எலும்பு நான் பார்த்ததில்ல. வீட்டுல தனியாவா இருக்கீங்க?"

"ஆமா. ஒய்ஃப் ஊர்ல இல்ல."

"அதான்" என்றார். தலையை மெதுவாக ஆட்டினார். "மனசை வேற எதுலயாவது திருப்புங்க. டிவி பாருங்க."

அந்த 'அதான்' என்னை வீடு வரை துரத்தியது. வெளியே காயம் இல்லை, வீக்கம் இல்லை, படத்தில் கீறல் இல்லை. காட்ட ஒன்றும் இல்லாத வலியோடு இருப்பவனுக்குப் பேச ஆளில்லை. நொண்டுவதற்கே கூச்சமாக இருந்தது. தெருவில் யாராவது எதிரே வந்தால் நேராக நடந்தேன், அவர்கள் போனதும் நொண்டினேன். நடிப்பு என்றால் அதுதான்.

கீழ்வீட்டில் குடியிருக்கும் ஸ்டெல்லா டீச்சர்தான் தாம்பரத்தில் ஓர் எலும்பு மருத்துவமனையைச் சொன்னார். அங்கே டாக்டர் கிரிஜா என்று நாற்பது வயதுப் பெண். காத்திருக்கும் கூடத்தில் இரண்டு மணி நேரம். மாவுக்கட்டும் கைத்தொட்டிலுமாக எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கணவனுக்குக் கால் முறிந்து வந்திருந்த ஓர் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு எங்க ஒடஞ்சுது?"

"ஒடையலம்மா."

"அப்ப எதுக்கு இங்க வந்து குந்திக்கினு கீறீங்க? ஒடஞ்சவங்களுக்கே இடமில்ல."

டாக்டர் கிரிஜா எக்ஸ்ரேயைக் கேட்கவில்லை. "ஷூ போட்டா வலிக்கும், கழட்டினா போயிடும், அப்படியா சார்?" என்று கேட்டார். நான் சொல்லாமலே ஒருவர் என் வலியைச் சொல்லிவிட்டார். ஒரு கையால் பாதத்தின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து இறுக்கி, மறு கைக் கட்டைவிரலால் அடியிலிருந்து மேலே அழுத்தினார். உள்ளே 'டக்' என்று எதுவோ நழுவியது. நான் கத்திவிட்டேன்.

"இருக்கு" என்றார்.

பிறகு என் பாதத்தைத் தன் மடிமீது வைத்தபடியே விளக்கினார். எனக்குப் புரிந்ததை என் வார்த்தையில் சொல்கிறேன். விரல்களுக்குப் பின்னால், பாதத்தின் நடுவில், ஐந்து நீள எலும்புகள் விசிறிக் குச்சிகள்போல இருக்கின்றன. ஐந்து குச்சிகள், நான்கு இடைவெளிகள். இடைவெளி என்றால் வெற்றிடம் அல்ல. மேலே, எலும்போடு ஒட்டி, விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் சின்னத் தசைகள். எலும்புத் தலைகள் விலகிப் போகாமல் ஒன்றோடொன்று குறுக்கே கட்டிவைக்கும் ஒரு நார்ப்பட்டை. அந்தப் பட்டைக்கு அடியில் கொழுப்பு, மெல்லிய ரத்தக்குழாய், ஒரு நரம்பு. நரம்பு விரல் இடுக்கு வரை போய் இரண்டாகப் பிரிந்து, எதிரெதிரே இருக்கும் இரண்டு விரல்களின் பக்கங்களுக்கு உணர்வு கொடுக்கிறது.

மூன்றாவது இடைவெளி, அதாவது மூன்றாம் நான்காம் எலும்புகளுக்கு நடுவே இருப்பது, கொஞ்சம் பாவப்பட்டது. பாதத்தின் உள்பக்கத்திலிருந்து ஒரு நரம்பும் வெளிப்பக்கத்திலிருந்து ஒரு நரம்பும் வந்து பெரும்பாலும் அங்கே சேர்கின்றன. அதனால் அங்கே நரம்பு தடிமன், நகர இடம் குறைவு. குதிகாலைத் தூக்கி விரலை மடக்கும் ஒவ்வோர் அடியிலும் நரம்பு இழுபட்டு அந்தப் பட்டையில் உராய்கிறது. குறுகலான ஷூ இரண்டு பக்கமும் நெருக்கினால் கேட்கவே வேண்டாம். வருடக்கணக்கில் உராய்ந்த நரம்பைச் சுற்றி நார் வளர்ந்து முடிச்சாகிறது. அதுதான் கூழாங்கல்.

"ஆனா எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லேன்னாங்களே டாக்டர்."

அவர் என் எக்ஸ்ரேயை அப்போதுதான் எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டினார். வெள்ளை எலும்புகள். நடுவே கறுப்பு.

"எக்ஸ்ரேல எலும்புதான் சார் தெரியும். நரம்பு இருக்கற இடம் கறுப்பாத்தான் விழும். கறுப்பா இருந்தா அங்க ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கறாங்க. எல்லாமே அங்கதான் இருக்கு."

காதர் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த நிமிடம். முகம் வரவில்லை, என் கையெழுத்துதான் வந்தது. டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலில் ஷூவோடும் ஒரு கால் வெறுமையாகவும் அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேனில் முடிச்சு தெரிந்தது. பாதத்தின் மேல்பக்கமிருந்து எலும்புகளுக்கு நடுவே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மூன்று வாரம் நிம்மதி. பிறகு பழையபடி வந்தது. இரண்டாவது ஊசி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அறுவை செய்து அந்த நரம்புத் துண்டை எடுத்துவிடலாம், ஆனால் இரண்டு விரல்களின் நடுப்பக்கம் நிரந்தரமாக மரத்துப்போகும் என்றார். சம்மதித்தேன். பயம் இல்லை என்று சொல்ல முடியாது. என் அண்ணன் காலில் ஒரு சின்னப் புண்ணோடு மருத்துவமனைக்குப் போய் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் திரும்பியவர். சரோஜாவிடம் சொல்லவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவள் அங்கே தவித்துக்கொண்டிருந்தாள்.

சேர்ந்த அன்று நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தார்.

"கூட யார் சார் வந்திருக்காங்க?"

"யாரும் இல்லம்மா."

"அப்படியெல்லாம் அட்மிட் பண்ண மாட்டாங்க சார். சைன் போட ஒரு ஆள் வேணும். பசங்க இல்லியா?"

ஸ்டெல்லா டீச்சருக்குப் போன் செய்தேன். பள்ளி விட்டதும் மின்சார ரயில் பிடித்து, விடைத்தாள் கட்டை இடுக்கிக்கொண்டு வந்தார். படிவத்தில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்து, 'கீழ் வீடு' என்று எழுதினார். நர்ஸ் அதைப் படித்துவிட்டு வாங்கிக்கொண்டார். டீச்சர் அறையை விட்டு வெளியே போனதும் முதல் வேலையாக பூனாவுக்குப் போன் போட்டிருக்கிறார். பத்தாவது நிமிடம் என் போன் அடித்தது. சரோஜா திட்டினாள், அழுதாள், பிறகு பீரோவில் இரண்டாவது தட்டில் இடது ஓரமாக இருக்கும் பழைய நூல்புடவையை எடுத்து வந்து காலுக்கு அடியில் மடித்து வைக்கச் சொன்னாள். மறுநாள் டீச்சர் அதைக் கொண்டுவந்தார். அந்த நான்கு நாட்களில் என்னைத் தொட்டுக்கொண்டிருந்த வீட்டுப் பொருள் அது ஒன்றுதான்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். பச்சைத் துணிக்கு அந்தப்பக்கம் பேச்சு மட்டும் கேட்டது. பாதத்தின் மேலே கீறி, எலும்புகளை விலக்கிப் பிடித்து, பட்டையை வெட்டினார்கள். "அடியிலிருந்து விரலால அழுத்துங்க" என்று டாக்டர் உதவியாளரிடம் சொன்னார். சற்று நேரத்தில் ஒரு சின்ன பாட்டிலை என் முகத்துக்கு நேரே காட்டினார். ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு. மங்கிய வெள்ளை. இரண்டு வால்கள்.

"இவ்வளவுதானா டாக்டர்?"

"இவ்வளவுதான் சார். போதாதா?"

வார்டில் மற்ற மூன்று கட்டில்களிலும் கூட்டம். கஞ்சி, சண்டை, ஜெபம், கிரிக்கெட். என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததால் எல்லோரும் அதைக் கேட்டு வாங்கிப்போய்க்கொண்டே இருந்தார்கள். "சார், இது உங்களுக்கு வேணுமா?" என்று ஒவ்வொருவரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். பென்ஷன் சேமிப்பு பில்லுக்குப் போதும் என்பது தெரிந்ததும் கவலைப்பட வேறொன்றும் இல்லாமல் போயிற்று. காதரின் வாக்குமூலத்தை ஒவ்வொரு வரியாக ஞாபகப்படுத்த முயன்றேன். எனக்கு வந்ததெல்லாம் நான் எழுதிய வரிகள்தான். அவர் சொன்னதில் அந்தக் கூழாங்கல் தவிர வேறெதையும் நான் காதில் வாங்கியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு வாரம் காலை நாற்காலியில் தூக்கி வைத்து மாடி பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் காலையில் இட்லியோ கஞ்சியோ வைத்துவிட்டுப் போவார். மேலிருந்து பார்த்தால் தெருவில் போகிறவர்களின் தலையும் காலும்தான் தெரியும். நான் காலைப் பார்க்கப் பழகியிருந்தேன்.

காலை ஏழு மணிக்கு சைக்கிளில் இடியாப்பம் விற்கும் பாய் ஒருவர் வருவார். ரப்பர் ஹார்னைப் 'பாம் பாம்' என்று அமுக்கிக்கொண்டே. மூன்றாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். தெருமுனையிலிருந்து கேட்கும் ஹார்ன் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால் நிற்கும். எங்களைத் தாண்டி இரண்டு வீடு போனதும் மறுபடி தொடங்கும். ஐந்தாம் நாள் அவருடைய காலைப் பார்த்தேன். எல்லோரும் பாதத்தின் முன்பக்கத்தால் பெடலை மிதிப்பார்கள். அவர் இடது காலால் அப்படித்தான் மிதித்தார், வலது காலைக் குதிகாலால் மிதித்தார். விரல்கள் பெடலுக்கு வெளியே விரிந்து தொங்கின.

டீச்சரைக் கூப்பிட்டு அவரை நிறுத்தச் சொன்னேன். கைத்தடியோடு படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். தாடி நரைத்திருந்தது. கண் அதேதான்.

"காதர் பாய்."

"இன்னா சார், கால்ல கட்டு?" என்றார், நேற்றுப் பார்த்தவர்போல.

"என்னைத் தெரியுதா?"

"ஏழு வருஷமா இந்தத் தெருவுக்கு வந்துகினு கீறேன். உங்க வூடுன்னு தெரியும். அதாலதான் இங்க மட்டும் ஹார்ன் அடிக்கறதில்ல. காலுக்கு இன்னா ஆச்சு?"

"ஆபரேஷன். எலும்புக்கு நடுவுல."

கட்டையே பார்த்தார். "கூழாங்கல்லா?"

"ஆமா."

ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். டீச்சர் பாத்திரத்தோடு திகைத்து நின்றார்.

"எக்ஸ்ரே எடுத்தீங்களா சார்?"

"எடுத்தேன்."

"நார்மலா?"

"நார்மல்."

"அப்ப நடிக்கிறீங்களா சார்?"

"இல்ல பாய். நீங்களும் நடிக்கல. ஷூ தப்பு. அதை வாங்கினவன் நான். அது வெளிய வரக்கூடாதுன்னுதான் அப்படி எழுதினேன். மன்னிச்சுடுங்க."

சிரிப்பு நின்றது. டீச்சருக்கு இடியாப்பத்தை எண்ணிப் போட்டார், தேங்காய்ப்பால் ஊற்றினார். எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடமே உங்களை அழைத்துப்போகிறேன், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"காலு பழகிப்போச்சு சார். அது வாணாம்." மூடியைச் சாத்தினார். "ஒண்ணு செய்வீங்களா? எங்க வூட்டுக்கு வந்து சொல்லுங்க. இப்ப எங்கிட்ட சொன்னீங்களே, அதையே."

அறிவிப்புப் பலகையில் இருந்த வாக்கியத்தை அவருடைய மாமனாரின் தம்பி படித்திருக்கிறார். அவரும் எங்கள் தொழிற்சாலையில்தான் இருந்தார். அது அப்படியே பெண் வீட்டுக்குப் போய்விட்டது. உறவில் அவருக்கு 'நடிப்பு காதர்' என்று பெயர். வேறு தொழிற்சாலைகளில் ஷூ போடச் சொன்னார்கள், நிற்க முடியவில்லை, விட்டார். விட்ட ஒவ்வொரு வேலைக்கும் அந்தப் பெயர் கூடவே போயிற்று.

"மாமனாரு மௌத்தாயிட்டாரு. அவரு காதுல உழும்னு இருந்தேன், உழல. இப்ப என் சம்சாரம் மட்டும்தான் கீறா. நான் சொன்னா எடுபடாது சார். எழுதுனவரு வந்து சொன்னா எடுபடும்."

தையல் பிரித்த மறுவாரம் ஆட்டோவில் பள்ளிக்கரணைக்குப் போனேன். சதுப்பு நிலத்தைப் பார்த்த தெருவில் ஓட்டு வீடு. காதர் வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்றிருந்தார். அவர் மனைவி ஜெய்த்தூன் மடியில் யாருடைய புடவைக்கோ ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தார். எனக்கு டீ கொடுத்துவிட்டு மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார்.

சொன்னேன். ஒரு தாளில் ஐந்து எலும்புகளையும் நான்கு இடைவெளிகளையும் வரைந்து, நரம்பு போகும் வழியைக் காட்டினேன். ஷூவைத் தேர்ந்தெடுத்ததைச் சொன்னேன். அறிக்கையில் எழுதியதைச் சொன்னேன். காதர் தாளைப் பார்க்கவில்லை, மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எழுதுனப்ப, இவருக்கு வலி இல்லேன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டார் ஜெய்த்தூன்.

"தெரியாதும்மா."

"தெரியாமயேதான் எழுதுனீங்களா?"

"ஆமா."

ஊசியைப் புடவையில் குத்தி வைத்தார். அந்தத் தாளைக் கையில் எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பெரியவ வயித்துல இருக்கறப்ப ரேஷன் கடை க்யூவுல இவரு நிக்க மாட்டேன்னாரு. ஒம்போது மாச வயித்தோட நான் நின்னேன். 'நடிக்காதய்யா'ன்னேன். தொழுகையில உக்கார்றப்ப வலது காலு வெரலை மடக்கி ஊனணும் சார். இவரு ஊன மாட்டாரு. காலைக் கோணலா ஒருபக்கம் நீட்டிப்பாரு. பள்ளிவாசல்ல பேசறாங்கன்னு என் தம்பி வந்து சொன்னான். அன்னிக்கு நான் இவரைக் கேட்டேன், 'அல்லா முன்னாடி கூடவா நடிக்கிறே'ன்னு."

"அட, வுடு ஜெய்த்தூன். பழசு" என்றார் காதர்.

"நீ சும்மா இரு." என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "இவரு பொய் சொல்றாருன்னு இருந்த வரைக்கும் நான் கஷ்டப்பட்ட பொண்டாட்டி சார். ஊரே அப்படித்தான் சொல்லும். நானும் அப்படித்தான் நெனச்சுக்கினு இருந்தேன். இப்ப நான் யாரு?"

அவர் எழுந்து உள்ளே போனார். வெளியே வரவே இல்லை. காதர் ஆட்டோ வரை வந்தார். குதிகாலை ஊன்றி, மெதுவாக.

"இதை நான் எதிர்பாக்கல சார்" என்றார். "அவ சந்தோஷப்படுவான்னு நெனச்சேன்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். என் பாரத்தை இறக்கி வைக்கப் போனேன். அதை இறக்கிய இடத்தில் ஒரு பெண் இருந்தார் என்பதை இரண்டு ஆண்களும் யோசிக்கவில்லை.

மூன்று வாரம் தெருவில் அவர் வரவில்லை. பிறகு ஒரு பகல் போன் வந்தது. படம் வரைந்த தாளின் மூலையில் என் எண்ணை எழுதியிருந்தேன்.

"ஜெய்த்தூன் பேசறேன். அந்த டாக்டரம்மா பேரைச் சொல்லுங்க. எந்த நாளு இருப்பாங்க?"

சொன்னேன். நானும் வரட்டுமா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். இருந்தாலும் போனேன். டாக்டர் கிரிஜா பாதத்தை இறுக்கியதும் காதர் கத்தவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டார். கத்தியது ஜெய்த்தூன்தான். ஸ்கேனில் மூன்றாவது இடைவெளியில் பெரியதாக ஒன்று, இரண்டாவதில் சிறியதாக ஒன்று. "எத்தனை வருஷமா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். காதர் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவு நாள் ஏன் வரல?" காதர் என்னைப் பார்க்கவில்லை. "வந்தேம்மா, அப்பவே" என்றார்.

அறுவை அன்று அவர்களுக்கு முன்னாலேயே போய்க் காத்திருந்தேன். ஃப்ளாஸ்கில் காப்பி கொண்டுபோயிருந்தேன். எந்தக் கவுன்டரில் முதலில் பதிய வேண்டும், எந்த வார்டில் காற்று வரும், எல்லாம் எனக்கு இப்போது தெரியும். நர்ஸ் படிவத்தோடு வந்து, "கூட யாரு?" என்று கேட்டபோது நான் எழுந்துவிட்டேன். ஜெய்த்தூன் என்னைத் தாண்டிப் போய்ப் படிவத்தை வாங்கினார். எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். பிறகு சக்கர நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, காதரின் வலது பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். விரல்களைத் தொடாமல், குதிகாலை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் எல்லோரும் பார்த்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

நான் ஃப்ளாஸ்க் மூடியில் காப்பியை ஊற்றி நீட்டினேன். ஆபரேஷனுக்கு முன் காதர் குடிக்கக்கூடாது என்பது எனக்கு நினைவில்லை. ஜெய்த்தூன் தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

காதர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"நீங்க வூட்டுக்குப் போங்க சார்" என்றார். "அவ கீறா."

மூடியில் ஊற்றியதை நானே குடித்தேன். பிறகு போனேன்.